24 மணி நேரப் பயிற்சி: ஒஹாயோவில் ஆயுதம் ஏந்தும் பள்ளி ஊழியர்களுக்கான வகுப்பு, ஒரு மதிப்புரை

கடந்த கோடை விடுமுறையில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பள்ளி வளாகத்துக்குள் துப்பாக்கி வைத்துக்கொள்ள முன்வரும் ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் நடத்தப்படும் மூன்று நாள் பயிற்சி வகுப்பில் கலந்துகொண்டேன். நான் ஒரு கிராமப்புறப் பள்ளியில் உயர்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிக்கிறேன், வயது 49. எங்கள் பள்ளி வாரியம் வாக்கெடுப்பு நடத்தி இத்திட்டத்தில் சேர்வதென்று முடிவெடுத்த பிறகு, விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று கண்காணிப்பாளரிடமிருந்து கடிதம் வந்தது. அவசர அழைப்பு விடுத்தால் ஷெரிஃப் (உள்ளூர்க் காவல் தலைவர்) அலுவலகத்திலிருந்து வண்டி வந்து சேர 20 நிமிடமாவது ஆகும் என்ற காரணத்துக்காக நான் பெயர் கொடுத்தேன். பயிற்சி நிலையத்தின் பெயரையோ எங்கள் பள்ளியின் பெயரையோ இங்கே எழுதவில்லை. பள்ளியில் யாரிடம் ஆயுதம் இருக்கிறது என்பது வெளியே தெரியக் கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை. என்னோடு பயின்றவர்களின் பாதுகாப்பு அதில் அடங்கியிருக்கிறது.

வகுப்பைப் பற்றிச் சொல்வதற்கு முன், அது ஏன் மூன்றே நாட்களில் முடிகிறது என்பதைச் சொல்ல வேண்டும். பட்லர் கவுண்டியிலுள்ள மேடிசன் பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு), 2016இல் தன் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு ஊழியர்களுக்கு ஆயுதம் கொடுக்கத் தீர்மானித்தது. பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தனர். பள்ளியில் ஆயுதம் ஏந்துபவர் காவலருக்கான அடிப்படைப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும், அல்லது காவல் பணியில் 20 ஆண்டு அனுபவம் பெற்றிருக்க வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் மாதம் தீர்ப்பளித்தது. அந்த அடிப்படைப் பயிற்சி 700 மணி நேரத்துக்கும் மேற்பட்டது. பாடம் நடத்திக்கொண்டே ஓர் ஆசிரியர் அதை முடிப்பது மிகக் கடினம். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2022 ஜூன் மாதத்தில், ஆளுநர் மைக் டிவைன் கையெழுத்திட்ட புதிய சட்டம் அந்தத் தேவையை அதிகபட்சம் 24 மணி நேரமாகக் குறைத்தது. ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய மறுபயிற்சி அதிகபட்சம் 8 மணி நேரம். அதிகபட்சம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும்: மாநிலம் இதற்கு மேல் கட்டாயப்படுத்த முடியாது, பள்ளி வாரியம் விரும்பினால் கூட்டிக்கொள்ளலாம். எங்கள் வாரியம் கூட்டவில்லை. காவலர் சங்கமும் ஆசிரியர் சங்கங்களும் ஒரே குரலில் எதிர்த்தும் இந்தச் சட்டம் நிறைவேறியது; பொதுவாக அவ்விரு தரப்பும் ஒரே பக்கத்தில் நிற்பது அரிது.

முதல் நாள் முழுவதும் வகுப்பறையிலும் சுடுதளத்தின் ஓரத்திலும் கழிந்தது. நாங்கள் பதினான்கு பேர். ஆசிரியர்கள் ஆறு பேர், மற்றவர்கள் அலுவலக உதவியாளர், பேருந்துப் பொறுப்பாளர், விளையாட்டுப் பயிற்சியாளர், கட்டடப் பராமரிப்பாளர் என்று பலவகைப்பட்டவர்கள். பயிற்றுநர்களில் மூவர் ஓய்வுபெற்ற காவலர்கள், ஒருவர் ஆம்புலன்ஸில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். நால்வருமே பொறுமையானவர்கள், வீரம் பேசாதவர்கள். பள்ளித் தாக்குதல்கள் பெரும்பாலும் எப்படித் தொடங்குகின்றன, முதல் சில நிமிடங்களில் என்ன நடக்கிறது என்பதை எந்த நாடகத்தன்மையும் இல்லாமல் விளக்கினார்கள். சட்டம் குறித்த பகுதியும் தெளிவாக இருந்தது. துப்பாக்கியை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றும்போது, கொடுப்பவரும் வாங்குபவரும் தனித்தனியே உள்ளே தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் சோதிக்க வேண்டும் என்ற பழக்கத்தை, நாள் முடிவதற்குள் எங்கள் உடம்பிலேயே ஏற்றிவிட்டார்கள்.

அன்று நடந்த ஒரு பயிற்சியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நம் மேகசினை (துப்பாக்கிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியை) நம் இணையர் நிரப்பித் தருவார். உண்மையான தோட்டாக்களுக்கு நடுவே எங்கோ ஓரிடத்தில் ஆரஞ்சு நிறப் பொய்த்தோட்டா ஒன்றைச் செருகியிருப்பார். எது எப்போது வரும் என்று தெரியாமல் சுட்டுக்கொண்டே போக வேண்டும். என் நான்காவது முறை, விசையை அழுத்தியபோது வெடிக்கவில்லை. ஆனால் என் துப்பாக்கியின் முனை ஓர் அங்குலம் கீழே குனிந்து எழுந்தது. வெடிச் சத்தத்தை எதிர்பார்த்து என் மணிக்கட்டு முன்கூட்டியே அஞ்சியிருக்கிறது. அதுவரை என் குறி இடப்பக்கமும் கீழும் விலகியதற்குக் காரணம் கண்ணல்ல, அந்த அச்சம்தான் என்று அந்தக் கணத்தில் புரிந்தது. பயிற்றுநர் என் தோளருகே நின்று, “பார்த்தீர்களா?” என்று மட்டும் கேட்டார். இந்த ஒரு பிழையைச் சரிசெய்யவே எனக்கு அன்று மாலை வரை ஆயிற்று. அதன் பிறகும் முழுமையாகச் சரியானது என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாம் நாள் காலை தகுதிச் சோதனை. 25 தோட்டாக்கள், காகித உருவம், வெவ்வேறு தொலைவுகள், நேரக் கட்டுப்பாடு. எனக்கு 23 பட்டது. எல்லோருமே தேறினோம், ஒருவர் இரண்டாம் முயற்சியில். சமதரை, நல்ல வெளிச்சம், காதுக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி, தொடங்கச் சொல்லி ஒரு விசில். அந்த மதிப்பெண்தான் எங்கள் கோப்பில் ஏறியது. அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் எங்களைப் பள்ளிக்குள் ஆயுதத்துடன் அனுப்பலாமா என்று வாரியம் முடிவெடுக்கும்.

அன்று மதியம், பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு சோதனையை மூத்த பயிற்றுநர் தாமாகவே வைத்தார். விடுமுறைக்காகப் பூட்டியிருந்த ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தை அவர்கள் இரவல் வாங்கியிருந்தார்கள். தாழ்வாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடி, இரண்டு மாடிப் படி ஏறி, ஒரு வகுப்பறை வாசலில் நின்று, பிளாஸ்டிக் குண்டு போடும் பயிற்சித் துப்பாக்கியால் காகித உருவத்தை ஆறு முறை சுட வேண்டும். உருவத்துக்கு முன்னால் மாணவர்களைக் குறிக்கும் இரண்டு அட்டைகள் நின்றிருந்தன. காலையில் 25க்கு 23 எடுத்த நான், ஆறில் இரண்டை உருவத்தில் போட்டேன். ஒன்று மாணவர் அட்டையின் தோளில் பட்டது. என் கைக்கடிகாரம் நாடித்துடிப்பு 171 என்று காட்டியது. மூச்சு வாங்கியதில் பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவி படர்ந்திருந்தது. மேகசினை விடுவிக்கும் சின்னஞ்சிறு பொத்தானைக் கட்டைவிரல் இரண்டு முறை தவறவிட்டது. எங்களில் 61 வயதான அலுவலக உதவியாளர் ஒருவர் இருந்தார். முதல் நாள் எல்லோரையும் விட நிதானமாகச் சுட்டவர் அவர்தான். இரண்டாம் மாடிக்குப் போகும் படியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் அனுபவமுள்ள பயிற்றுநர் ஓடிவந்து அவர் நாடியைப் பார்த்தார். பத்து நிமிடத்தில் தேறிவிட்டார், ஆனால் அன்று மாலை வரை யாருடனும் பேசவில்லை.

அந்த இரண்டு சுடுதலுக்கும் இடையே பெரிதும் மாறியது என் உடம்பின் நிலை. துப்பாக்கி பயிற்சித் துப்பாக்கிதான், ஆனால் கையும் கண்ணும் அதே கையும் அதே கண்ணும்தான். இந்த வகுப்பைப் பற்றி என் முதன்மையான குறை இதில்தான் இருக்கிறது: சட்டம் மணி நேரத்தை எண்ணுகிறது, தோட்டாவை எண்ணுகிறது, ஆனால் ஆயுதத்தைச் சுமக்கப் போகும் உடம்பை அளக்கவே இல்லை. மாடிப்படிச் சோதனையின் முடிவு எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. உடல்நலம் குறித்து எங்களிடம் கேட்கப்பட்டது ஒரே ஒரு கையெழுத்து. பயிற்சியில் கலந்துகொள்ளத் தடையாக எந்த நோயும் இல்லை என்று நாமே எழுதித் தரும் உறுதிமொழி. ஒஹாயோவில் காவலர் பயிற்சிக்குச் செல்பவர் ஒரு நிமிடத்தில் இத்தனை தண்டால், ஒரு நிமிடத்தில் இத்தனை முறை படுத்தெழுதல், ஒன்றரை மைல் ஓட்டம் என்று வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற அளவுகளில் தேற வேண்டும். அந்தக் காவலர் வந்து சேரும் வரை அவருடைய இடத்தில் நிற்கப் போகிறவருக்கு அந்த அளவுகளில் ஒன்று கூடக் கிடையாது. கண்பார்வைச் சோதனையும் இல்லை. என் படிப்புக் கண்ணாடி எண் இரண்டு ஆண்டுகளில் இரு முறை மாறியிருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை. ஆண்டுதோறும் குற்றப் பின்னணிச் சோதனை உண்டு, அது நல்லது. ஆனால் எங்களில் எவருடனும் உளவியலாளர் ஒருவர் அமர்ந்து பேசவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்புபவர்கள் புளோரிடா மாநிலத்தின் திட்டத்தைப் பார்க்க வேண்டும். 2018 பிப்ரவரி 14 அன்று பார்க்லேண்டில் மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் உயர்நிலைப் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டனர். மாணவர்களுக்குக் குறுக்கே நின்று உயிர்விட்ட அமெரிக்கக் கால்பந்துத் துணைப் பயிற்சியாளர் ஆரன் ஃபைஸின் பெயரில் அங்கே ‘கார்டியன்’ எனப்படும் பள்ளிக் காவல் திட்டம் உருவானது. ஷெரிஃப் அலுவலகம் நடத்தும் அந்தப் பயிற்சி 144 மணி நேரம். அதில் 12 மணி நேரம் பள்ளிக்குள் எழும் சிக்கல்களைப் பேசித் தணிப்பதற்கு; மீதமுள்ள 132 மணி நேரத்தில், 80 மணி நேரம் காவலர் பயிற்சிக் கழகத்தின் முறைப்படி துப்பாக்கிப் பயிற்சி, 16 மணி நேரம் நுட்பமான குறிபார்த்தல், 8 மணி நேரம் சுடலாமா கூடாதா என்று முடிவெடுக்கும் சிமுலேட்டர் பயிற்சி, 16 மணி நேரம் தாக்குதல் நடப்பது போன்ற ஒத்திகை, 8 மணி நேரம் தற்காப்பு, 4 மணி நேரம் சட்டம். காவலர் பயிற்சியில் சுடும் தோட்டாக்களை விடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாகச் சுட வேண்டும். 85 சதவீதம் தேற வேண்டும். உளவியலாளரின் மதிப்பீடு கட்டாயம், போதைப்பொருள் பரிசோதனை தொடக்கத்திலும் பின்னர் முன்னறிவிப்பின்றியும் உண்டு. முதலில் வகுப்பறை ஆசிரியர்களை விலக்கியிருந்த இந்தத் திட்டம் 2019இல் அவர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. பட்டியலைப் படித்தபோது, இதைத் தீட்டியவர்கள் ஒரு பள்ளித் தாழ்வாரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் அந்தச் சட்டத்திலும் ஓட்டம், படி, மூச்சு பற்றி ஒரு வரி இல்லை. டெக்சாஸ் 2013இல் உருவாக்கிய பள்ளி மார்ஷல் (ஆயுதம் ஏந்தும் பள்ளி ஊழியர்) ஏற்பாடு 80 மணி நேரப் பயிற்சியும் உளவியல் தேர்வும் கேட்கிறது. டென்னசி 2024இல் இயற்றிய சட்டம் ஆண்டுதோறும் 40 மணி நேரம் கேட்கிறது. மணிக்கணக்கில் மாநிலத்துக்கு மாநிலம் இத்தனை வேறுபாடு இருப்பதே, எவ்வளவு போதும் என்பதில் எவருக்கும் உறுதியில்லை என்பதைக் காட்டுகிறது.

நன்கு பயின்றவர்களுக்கே இது எளிதல்ல என்பதற்குச் சான்று உண்டு. நியூயார்க் காவல் துறையின் துப்பாக்கிப் பயிற்சியை ஆராய்ந்து ராண்ட் ஆய்வு நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறிக்கை, 1998 முதல் 2006 வரை எதிராளியும் திருப்பிச் சுட்ட மோதல்களில் காவலர்களின் தோட்டாக்களில் சராசரியாக 18 சதவீதமே இலக்கில் பட்டன என்று கணக்கிட்டது. நூற்றுக்கணக்கான மணி நேரம் பயின்றவர்கள் அவர்கள். தவறிய தோட்டா தெருவில் சுவரில் படலாம். பள்ளியில் சுவருக்குப் பின்னாலும் ஒரு வகுப்பு இருக்கிறது. 2022 மே 24 அன்று டெக்சாஸின் யுவால்டியில் 376 காவலர்கள் குவிந்தும் தாக்கியவனை எதிர்கொள்ள 77 நிமிடம் ஆயிற்று; 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் இறந்தனர். அந்த நாளைப் பயிற்றுநர் விளக்கியபோது அறையில் யாரும் அசையவில்லை. எங்கள் பள்ளிக்கு நாங்களே காவல் என்று பெயர் கொடுக்கத் தூண்டியதும் அந்த நாள்தான். பெயர் கொடுத்தால் மட்டும் போதாது என்று உணர்த்தியதும் அதே நாள்தான்.

மூன்றாம் நாள் ஒத்திகைகள். நடிப்பவர்கள் பெற்றோராக, அழும் மாணவராக, தாக்குபவராக வருவார்கள். சில ஒத்திகைகளில் தாக்குபவரே இருக்க மாட்டார். கையில் ஸ்டேப்ளருடன் கோபமாக நுழைந்த தந்தையிடம் நான் துப்பாக்கியைத் தொடாமல் பேசி முடித்தேன். மூன்று நாட்களில் நான் மனநிறைவுடன் வெளியே வந்த ஒத்திகை அது ஒன்றுதான். இன்னொன்றில், சீருடை அணியாமல் முதலில் வந்து சேர்ந்த காவலராக நடித்தவரை எங்களில் ஒருவர் சுட்டுவிட்டார். வண்ணக் குண்டின் நீலக் கறை அவர் மார்பில் நடுவாக விழுந்திருந்தது. அதன் மறுபக்கத்தைப் பற்றி நான் கேட்டேன். தாக்குதல் நடக்கும் கட்டடத்துக்குள் ஓடிவரும் காவலர், கையில் துப்பாக்கியுடன் நிற்கும் ஒருவரைப் பார்க்கிறார். அப்படி நிற்பவர் கறுத்த நிறம், தாடி, வேற்று உச்சரிப்பு கொண்டவராக இருந்தால் என்ன நடக்கும்? மூத்த பயிற்றுநர் சமாதானம் சொல்லவில்லை. வருபவருக்கு உங்கள் முகம் தெரியாது, அவர் குரல் கேட்டவுடன் ஆயுதத்தைத் தரையில் வைத்துவிட்டு உள்ளங்கைகளைக் காட்டுங்கள், அதற்கு முன்பே உள்ளூர் காவலர்களுடன் சேர்ந்து ஒத்திகை செய்யுங்கள், இதற்கு மேல் என்னால் உறுதி தர முடியாது என்றார். நேர்மையான பதில். ஆனால் இந்தப் பகுதிக்கு ஒதுக்கப்பட்டது அரை மணி நேரம்.

அன்றாடம் துப்பாக்கியை உடம்பில் வைத்துக்கொண்டு பாடம் நடத்துவது எப்படி என்பதற்கும் ஏறத்தாழ அதே அளவுதான் ஒதுக்கினார்கள், ஏறக்குறைய நாற்பது நிமிடம். எனக்கு இது பெரும் குறையாகப் பட்டது. தாக்குதல் என்பது ஒருவேளை வாழ்நாளில் நடக்காமலே போகலாம். ஆனால் ஆண்டுக்கு நூற்றெண்பது நாள் நான் ஆய்வகத்தில் குனிகிறேன், நிமிர்கிறேன், மாணவர் தோளுக்கு மேல் எட்டி பியூரெட் குழாயைச் சரிசெய்கிறேன், மேலங்கியைக் கழற்றி மாட்டுகிறேன். இடுப்பில் உள்ள உறையை ஒரு பதினாறு வயதுப் பையன் பிடித்து இழுத்தால் எப்படிக் காப்பது என்பதை நீல ரப்பர்த் துப்பாக்கியுடன் இணையரோடு நான்கு முறை செய்து பார்த்தோம். நான்கில் மூன்று முறை என்னைவிட இளைய இணையர் அதைப் பறித்துவிட்டார். இங்கும் வலுவும் வேகமும்தான் தீர்மானித்தன. புளோரிடாவில் தற்காப்புக்கு 8 மணி நேரம் கொடுத்திருப்பதன் பொருள் அப்போது விளங்கியது. 2018இல் கலிபோர்னியாவின் சீசைட் நகரில், துணைக் காவலராகவும் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றிப் பாடம் நடத்தும்போதே அது தவறுதலாக வெடித்துக் கூரையில் பாய்ந்தது. தெறித்த துண்டுகளால் மாணவர் ஒருவர் காயமடைந்தார். அவர் பயிற்சி இல்லாதவர் அல்ல.

வகுப்பின் மிகச் சிறந்த பகுதி முதலுதவி. டூர்னிகே எனப்படும் இறுக்குப்பட்டையைக் கையிலும் தொடையிலும் எங்களுக்கு நாங்களே கட்டிக்கொண்டோம். கட்டுக்குக் கீழே நாடி நிற்கும் வரை முறுக்க வேண்டும், அந்த வலி தாங்க முடியாததுதான். ரப்பர்ச் சதையில் வெட்டிய குழியிலிருந்து குழாய் வழியாகச் சிவப்பு நீர் பீறிட, அதற்குள் துணியை விரலால் திணித்து முழு எடையையும் போட்டு அழுத்தினோம். படியில் உட்கார்ந்துவிட்ட அந்த அலுவலக உதவியாளர்தான் இதில் முதலாவதாக முடித்தார். 24 விநாடியில் பட்டையைக் கட்டினார், கை நடுங்கவில்லை. ஆயுதம் ஏந்தினாலும் ஏந்தாவிட்டாலும் ஒவ்வொரு ஆசிரியரும் இந்த நான்கு மணி நேரத்தையாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆய்வகத்தில் கண்ணாடி வெட்டினாலும், திடலில் விபத்து நடந்தாலும், அது அப்படியே பயன்படும்.

பயிற்றுநர்கள், பாதுகாப்பு ஒழுக்கம், முதலுதவி ஆகியவற்றுக்காக இந்த வகுப்பைப் பாராட்டுகிறேன். கட்டணத்தைப் பள்ளி மாவட்டமே ஏற்றதால் பணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் ஒருவராக வெளியே வருவீர்கள். நெரிசலும் அலறலும் நிறைந்த கட்டடத்தில் அதைப் பயன்படுத்தத் தகுந்த ஒருவராக வெளியே வருவீர்கள் என்று என்னால் சான்று தர முடியாது. சேர எண்ணுபவர்கள், ஒத்திகை எத்தனை மணி நேரம், உள்ளூர் காவலர்கள் அதில் பங்கேற்கிறார்களா, துப்பாக்கியைப் பறிகொடுக்காமல் காக்கும் பயிற்சி எவ்வளவு, ஓடிய பிறகு சுடும் சோதனை உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்ற பதில் வந்தால், நீங்களே உங்கள் பள்ளிப் படிகளை ஒருமுறை வேகமாக ஏறிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் நடந்ததையும் சொன்னபோது, என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அந்த அட்டைப் பிள்ளையோட தோள்ல பட்டதைக் கண்காணிப்பாளர்கிட்ட சொல்லிட்டீங்களா?” என்றாள். சொல்லியிருக்கவில்லை. மறுநாள் கடிதமாக எழுதினேன். சான்றிதழ் பெற்றிருந்தாலும் இப்போதைக்கு ஆயுதம் ஏந்த எனக்கு ஒப்புதல் வேண்டாம் என்றும், ஆண்டுக்கு இருமுறை படியேறிச் சுடும் சோதனை, கண் பரிசோதனை, உளவியலாளரின் மதிப்பீடு, காயமடைந்தவரின் எடைக்கு ஈடான பொம்மையைத் தாழ்வாரம் நெடுக இழுத்துச் செல்லும் சோதனை ஆகியவற்றை வாரியம் தன் அதிகாரத்தைக் கொண்டே சேர்க்கலாம் என்றும், சட்டம் அதைத் தடுக்கவில்லை என்றும் குறிப்பிட்டேன். அதே கடிதத்தில் முதலுதவிப் பெட்டி ஒன்றும் கேட்டதற்கு உடனே ஒப்புதல் கிடைத்தது. நான்கு இறுக்குப்பட்டைகளுடன் அது இப்போது ஆய்வகத்தில் தீயணைப்புப் போர்வைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. மற்ற கோரிக்கைகள் வாரியத்தின் அடுத்த கூட்டத்துக்கான பொருள்களில் சேர்க்கப்பட்டிருக்கின்றன.